மாயா பஜார் (1957): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டைத் தெரியாத தமிழர் குறைவு. அந்தப் பாட்டு வரும் படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ‘புராணப் படம்தானே, கிரீடமும் வசனமுமாக இருக்கும்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மாயா பஜார் அந்த வகை இல்லை. மந்திரமும் காதலும் கலந்த சுத்தமான கல்யாணக் கலாட்டா அது. இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக வந்து விழும் கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே. முடிவு உட்பட முழுக் கதையும் இதில் வந்துவிடும். 1957 படத்துக்குக் கதையை மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பலராமரின் மகள் வத்சலா. அவருடைய தங்கை சுபத்திரையின் மகன் அபிமன்யு. மாமன் மகள், அத்தை மகன். சின்ன வயதிலேயே ‘இவளுக்கு இவன்தான்’ என்று பலராமர் தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார். பிள்ளைகளும் அப்படியே நினைத்து வளர்கிறார்கள். பிறகு பாண்டவர்கள் சூதில் நாட்டைத் தோற்றுக் காட்டுக்குப் போகிறார்கள். சுபத்திரை மகனோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நிற்கிறாள். அண்ணி ரேவதியின் முகம் மாறுகிறது. ஒன்றுமில்லாதவனுக்கா பெண்ணைக் கொடுப்பது?

அதே நேரத்தில் சகுனி ஒரு கணக்குப் போடுகிறான். துரியோதனன் மகன் லக்ஷ்மண குமாரனுக்கு வத்சலாவைக் கட்டிவிட்டால், நாளைக்குச் சண்டை என்று வரும்போது பலராமரும் கிருஷ்ணரும் சம்பந்தி பக்கம்தானே நிற்க வேண்டும்? ரேவதிக்கு மகிழ்ச்சி, பலராமரும் சம்மதித்துவிடுகிறார். சுபத்திரையும் அபிமன்யுவும் மனம் வெறுத்துக் கிளம்பிக் காட்டு வழியே போகும்போது, பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த கடோத்கஜனிடம் மாட்டுகிறார்கள். அடிதடிக்குப் பிறகுதான் ‘அட, நாமெல்லாம் உறவு’ என்று தெரிகிறது.

அங்கிருந்து படம் தலைகீழாகிறது. தூங்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கடோத்கஜன் பறந்துவிடுகிறான். தானே வத்சலா உருவம் எடுத்துத் துவாரகை அரண்மனையில் கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்துகொள்கிறான். மாப்பிள்ளை வீட்டார் தங்குவதற்கு அவனுடைய ஆட்கள் மாயத்தால் ஒரு ஊரையே எழுப்புகிறார்கள். அந்த ஊர்தான் மாயா பஜார். இங்கே போலி வத்சலாவுக்கும் லக்ஷ்மண குமாரனுக்கும் கல்யாணக் கூத்து. அங்கே காட்டில் நிஜ வத்சலாவுக்கும் அபிமன்யுவுக்கும் உண்மையான தாலி.

இது வியாசர் எழுதியதில் இருக்கிறதா?

இல்லை. வியாச பாரதத்தில் அபிமன்யு கட்டிக்கொள்வது விராட ராஜனின் மகள் உத்தரையை. வத்சலா கதை மக்கள் வாயிலும் மேடையிலும் வளர்ந்தது. ஆந்திராவில் ‘சசிரேகா பரிணயம்’ என்று நாடகமாக ஆடிவந்தார்கள். தெலுங்கில் வத்சலாவின் பெயர் சசிரேகா. பேசாத பட காலத்திலேயே இந்தக் கதை சினிமாவாகிவிட்டது. தமிழில் 1935-லேயே ஒரு மாயா பஜார் வந்தாயிற்று. அதனால் 1957 படத்தைப் பார்க்க வந்தவர்களுக்குக் கதை புதிதே இல்லை. ‘இவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள்’ என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

இதில் ஒரு விஷயம் உண்டு. பாரதம் தெரிந்தவருக்கு இந்தக் கல்யாண வீட்டில் சிரித்துத் திரியும் இளவட்டங்களின் கணக்கு தெரியும். குருக்ஷேத்திரத்தில் 13-ஆம் நாள் லக்ஷ்மணன் அபிமன்யு கையால் சாகிறான். அன்றைக்கே அபிமன்யுவும் போகிறான். மறுநாள் இரவு கர்ணனின் சக்தி ஆயுதத்துக்குக் கடோத்கஜன் பலி. படம் இதைப் பற்றி மூச்சே விடுவதில்லை. ஒரு பெருமூச்சு, ஒரு சூசகம், ‘விதி’ என்று ஒரு வசனம் எதுவும் கிடையாது. அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

படம் முழுக்கத் தேடியும் பாண்டவர்களைக் காணோமே?

இருந்தால்தானே காண்பதற்கு! ஐந்து பேரில் ஒருவரும் திரையில் வருவதில்லை. அவர்களைப் பற்றிப் பேச்சு வரும், அவர்கள் படும் பாடு காதில் விழும், அவ்வளவுதான். பாரதக் கதையில் பாண்டவர்களைக் காட்டாமல் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஒரு படம் ஓடுகிறது, பார்க்கும்போது அது ஒரு குறையாகவே தெரிவதில்லை. தர்மரும் அர்ஜுனனும் வந்தால் தர்மம், சபதம், வில் என்று படம் கனத்துப்போகும். அவர்களை வெளியே நிறுத்தியதால் கதை அண்ணி, நாத்தனார், சம்பந்தி, மாப்பிள்ளை, சமையல்காரர் மட்டத்திலேயே நிற்கிறது. படத்தின் மந்திரமெல்லாம் அந்த மட்டத்து மந்திரம்தான். வானத்தில் அம்பு மோதி நெருப்பு பறப்பது குறைவு. பாயும் கட்டிலும் செருப்பும் சோற்றுப் பானையும் செய்யும் சேட்டைகளே அதிகம்.

தெலுங்குப் படத்தின் டப்பிங்தானே இது?

டப்பிங் இல்லை. தெலுங்கு, தமிழ் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே செட்டில் தனித்தனியாக எடுக்கப்பட்டவை. தெலுங்குப் படம் 1957 மார்ச் 27 அன்று வந்தது. தமிழ், புத்தாண்டை ஒட்டி ஏப்ரல் 12 அன்று. தயாரிப்பு நாகிரெட்டி, சக்கரபாணி இருவரின் விஜயா நிறுவனம். நமக்கெல்லாம் அம்புலிமாமா கொடுத்த அதே இருவர். இது தெரிந்த பிறகு படத்தைப் பார்த்தால் பல காட்சிகள் அம்புலிமாமா பக்கங்கள் எழுந்து நடப்பதுபோல இருக்கும். இயக்கம் கே.வி.ரெட்டி. 1951-ல் இதே நிறுவனத்துக்குப் ‘பாதாள பைரவி’ எடுத்தவர்.

மூன்று பேர் இரண்டு மொழியிலும் பொது: கிருஷ்ணராக என்.டி.ராமராவ், வத்சலாவாக சாவித்திரி, கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ். மற்ற முக்கியமான வேடங்கள் பல மாறும். அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். லக்ஷ்மண குமாரன் அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. சகுனி அங்கே சி.எஸ்.ஆர்.ஆஞ்சநேயலு, இங்கே நம்பியார். பலராமர் அங்கே கும்மடி, இங்கே டி.பாலசுப்பிரமணியம். தமிழ் வசனமும் பாட்டும் தஞ்சை ராமையாதாஸ்.

எந்த மொழியில் பார்ப்பது நல்லது?

தமிழ் தெரிந்தவர் தமிழிலேயே பார்க்கலாம், கவலை வேண்டாம். தெலுங்கில் பிங்களி நாகேந்திர ராவின் வசனத்துக்குத் தனிக் கூட்டமே உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் நம் பக்கம் தங்கவேலு இருக்கிறார். கண்ணாடி முன் நின்று தன் அழகில் தானே மயங்கும் இளவரசன் வேஷத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் அன்றைக்கு யார்? நம்பியாரின் சகுனி வேறு. கையைப் பிசைந்தபடி, குரலை இறக்கிப் பேசும் அந்த நம்பியார். ஜெமினியும் சாவித்திரியும் அப்போது நிஜத்திலும் கணவன் மனைவி. நிலாக் காட்சியில் அது தெரிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டு மொழியிலும் சாவித்திரியின் கண் ஒரே மாதிரிதான் தெரிகிறது. நடிகை என்றால் அப்படித்தானே?

எல்லோரும் சாவித்திரி, சாவித்திரி என்கிறார்களே, அப்படி என்ன செய்துவிட்டார்?

இரண்டு வேடம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஒரு காதலி, ஒரு போலிக் காதலி. அந்தப் போலி, ஒரு பூதாகாரமான ராட்சச ஆண். அதாவது, பெண்ணாக நடிக்கும் ஆணாக ஒரு பெண் நடிக்க வேண்டும். அந்த ஆண் யார் என்று நமக்குத் தெரியும், ரங்காராவ். அவர் எப்படி நடப்பார், எப்படி நெஞ்சை நிமிர்த்துவார், கதாயுதத்தை எப்படித் தோளில் போடுவார் என்று முந்தைய காட்சிகளில் பார்த்து வைத்திருக்கிறோம். சாவித்திரி அதை வாங்கிக்கொண்டு, பட்டுப்புடவைக்குள் அடக்கிக்கொண்டு, அவ்வப்போது மறந்துபோய் வெளியே விடுகிறார்.

கவனித்துப் பாருங்கள். ஆள் இருந்தால் தலை குனிந்து, அடி அளந்து நடப்பார். ஆள் நகர்ந்ததும் தோள் இரண்டும் அகலும், நடை அதிரும், புருவம் ஏறும். யாராவது திரும்பிப் பார்த்தால் அதே நொடியில் வெட்கம் வந்து முகத்தில் உட்காரும். மந்திரக் காட்சி என்று இதில் எதுவும் இல்லை, ஒரு ஒட்டு வேலையும் இல்லை. உடம்பை வைத்தே செய்த வித்தை. தெலுங்கில் ‘ஆஹா நா பெள்ளியண்ட’ என்ற பாட்டுக்கு சுசீலாவும் கண்டசாலாவும் குரல் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணப் பெண் குஷியாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் கட்டைக் குரல் புகுந்துவிடும். அதற்கும் சாவித்திரியேதான் வாயசைக்கிறார்.

மணவறையில் இன்னும் கூத்து. மாப்பிள்ளை ஆசையாகக் கையைப் பிடித்தால் விரல் நொறுங்குகிறது. அவன் பார்க்கும் நேரம் பார்த்துப் பெண் புலியாகத் தெரிகிறாள், அலறிக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டால் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். தங்கவேலு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சுருதியில் அலறுகிறார். ‘உனக்கென்ன பைத்தியமா’ என்று எல்லோரும் அவனையே கடிந்துகொள்கிறார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் இந்தக் கால் மணி நேரம்தான், பந்திக் காட்சி அடுத்தபடி.

2018-ல் சாவித்திரியின் வாழ்க்கையைச் சொன்ன ‘நடிகையர் திலகம்’ படத்தில் கீர்த்தி சுரேஷ் இந்தப் படப்பிடிப்பை நடித்துக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும்.

‘கல்யாண சமையல் சாதம்’ எப்படி எடுத்தார்கள்?

கணினி இல்லாத காலம். கேமராவை நிறுத்தி ஓடவிடுவது, ஒரே ஃபிலிமை இரண்டு முறை ஓட்டிப் பதிவு செய்வது, கண்ணுக்குத் தெரியாத கம்பி, சின்ன அளவு பொம்மை செட் என்று கைவசம் இருந்தவை இவ்வளவே. ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. தட்டுகள் தாமாக நகர்வதும், லட்டுகள் தாமாக எழுந்து ரங்காராவின் வாய்க்குள் போவதும், பானைகள் காலியாவதும் இவருடைய கைவண்ணம். ஒட்டு எங்கே என்று தேடினால் ஒன்றிரண்டு இடத்தில் அகப்படும். ஆனால் தேடத் தோன்றாது. ரங்காராவ் சாப்பிடும் திருப்தியைப் பார்த்தால் நமக்கே ஏப்பம் வரும்.

தமிழில் இதைப் பாடியவர் திருச்சி லோகநாதன். தெலுங்கில் மாதவபெத்தி சத்யம். இருவருடைய சிரிப்பும் ரங்காராவின் தொண்டையிலிருந்து வருவதாகவே இருக்கும்.

துவாபர யுகத்தில் பூரி கிழங்கா?

ஆமாம், பாட்டில் புளியோதரை வரும், சாம்பார் வரும், பூரி கிழங்கும் வரும். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நம் ஊருக்கு வந்து நானூறு வருஷத்துக்குள்தான் இருக்கும். கடோத்கஜனுக்குக் கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை. ராமையாதாஸுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? 1957-ல் கல்யாணப் பந்தியில் எது வந்தால் ஜனம் நிமிர்ந்து உட்காருமோ அதை எழுதினார். சரித்திர ஆராய்ச்சி செய்து தினையும் தேனும் என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டை இன்றைக்கு யார் பாடப்போகிறார்கள்? பாட்டின் முதல் வரி 2013-ல் ஒரு தமிழ்ப் படத்துக்கே தலைப்பானது.

நிலாப் பாட்டு வெளிப்புறத்தில் எடுத்ததா?

‘ஆஹா இன்ப நிலாவினிலே’ பாட்டைத்தான் கேட்கிறீர்கள். பாடியவர்கள் கண்டசாலா, பி.லீலா. சில நொடிகளுக்கான ஓட்டம் மட்டும் எண்ணூர்ப் பக்கம் எடுத்தது. மீதி வடபழனி வாஹினி ஸ்டுடியோவுக்குள். தண்ணீர், நாணல், படகு, மேலே நிலா, எல்லாம் பார்ட்லியின் விளக்கு ஏற்பாடு. நிலவு வெளிச்சம் என்றால் நீலமாகவோ பளிச்சென்றோ இருக்காமல், தண்ணீரில் பட்டுத் தெறித்து முகத்துக்கு வருகிற மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளையில் இத்தனை விதமான சாம்பல் உண்டா என்று இருக்கும். வானத்திலிருந்து பார்க்கும்போது துவாரகை நகரம் விளக்கும் மாடமுமாக விரிகிறதே, அதுவும் பொம்மை வீடுகளை அடுக்கி உள்ளே விளக்கேற்றி எடுத்தது. கலை இயக்கம் கோகலே, கலாதர்.

அந்த மாயப் பெட்டி, அது என்ன மடிக்கணினியா?

பார்த்தவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி. பிரியதர்சினி என்று பெயர். மூடியைத் திறந்தால், பார்ப்பவருக்கு எது பிரியமோ அது தெரியும். வத்சலா திறந்தால் அபிமன்யு. இருவரும் அந்தப் பெட்டி வழியாகவே ‘நீதானா என்னை நினைத்தது’ என்று பாடிக்கொள்கிறார்கள். வீடியோ கால் என்று இன்றைய பிள்ளைகள் சிரிப்பதில் தப்பில்லை.

ஆனால் அந்தப் பெட்டியின் நிஜமான உபயோகம் வேறு. வீட்டில் ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்கிறார்கள். ரேவதி பார்த்தால் நகைகள். பலராமர் பார்த்தால் அருமைச் சீடன் துரியோதனன். கிருஷ்ணர் பார்த்தால் சகுனி! அவர் மனம் எந்நேரமும் எங்கே வேலையாக இருக்கிறது என்று ஒரே நொடியில் சொல்லியாயிற்று. பின்னால் வரப்போகும் சண்டை சச்சரவு முழுவதையும் வசனமே இல்லாமல் ஒரு பெட்டியை வைத்து விளக்கிவிடுகிறார்கள். இதே மாதிரி இன்னொரு பொருள் சத்திய பீடம். அதன்மேல் ஏறினவன் வாயில் உண்மை மட்டும்தான் வரும். ஆரம்பத்திலேயே அதைக் காட்டிவிட்டு, நாம் மறந்த பிறகு கடைசியில் சகுனியை அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் இந்த இரண்டு பொருளையும் மட்டும் தொடர்ந்து பார்த்தால் போதும்.

இசை யார்? சிலர் ராஜேஸ்வர ராவ் என்கிறார்களே?

படத்தில் பெயர் கண்டசாலா. முதலில் வேலையை ஆரம்பித்தவர் எஸ்.ராஜேஸ்வர ராவ். நான்கு மெட்டுகள் போட்டதும் விலகிவிட்டார். மீதியைக் கண்டசாலா முடித்தார்.

ராமராவுக்கு இதுதான் முதல் கிருஷ்ணர் வேடமா?

இதற்கு முன் வேறொரு படத்தில் கொஞ்ச நேரம் கிருஷ்ணராக வந்தார். அது எடுபடவில்லை. அதனால் இந்தப் படத்துக்கு முதலில் தயங்கினார். கே.வி.ரெட்டி வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைத்தார். அதன் பிறகு நடந்தது தெரிந்ததுதான், கிருஷ்ணர் என்றாலே ராமராவ் என்றாகிவிட்டது. நம்மவர்கள் ‘கர்ண’னில் (1964) பார்த்த கிருஷ்ணரும் அவரே. அந்தக் கிருஷ்ணர் கனமானவர், இந்தக் கிருஷ்ணர் எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி ஓரமாக நின்று சிரிப்பவர். எனக்கு இவர்தான் நெருக்கம்.

படத்தில் குறையே இல்லையா?

ஏன் இல்லை? கடோத்கஜன் வரும் வரை படம் ஆற அமரத்தான் நடக்கிறது. பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அபிமன்யு கதாபாத்திரத்துக்கு அழகாக நிற்பதும் கோபப்படுவதும் தவிரப் பெரிய வேலையில்லை. காதல் படம் என்று சொல்கிறோம், ஆனால் காதலனுக்காக எல்லாம் செய்வது அவனுடைய அண்ணன்காரன்தான். லக்ஷ்மண குமாரனையும் கடைசியில் ரொம்பவே ஓட ஓட விரட்டுகிறார்கள். அவன் செய்த குற்றம்தான் என்ன, பெரியவர்கள் பார்த்த பெண்ணுக்கு ஆசைப்பட்டான். ரேவதியை மட்டும் பேராசைக்காரியாக்கி, வாக்குத் தவறிய பலராமரை ‘பாவம், வெள்ளந்தி’ என்று விட்டுவிடுவதும் கொஞ்சம் உறுத்தும். வாக்குக் கொடுத்தவர் அவர்தானே?

இந்த மாதிரிப் படங்கள் தமிழில் பிறகு வந்தனவா?

மந்திரப் படங்கள் வந்தன, பூதம் வரும் நகைச்சுவைகளும் வந்தன. ஆனால் மாயா பஜாரின் வாரிசை நான் வேறு இடத்தில் தேடுவேன். இந்தப் படத்தில் கே.வி.ரெட்டியிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர் சிங்கீதம் சீனிவாச ராவ். ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ எடுத்தவர். படப்பிடிப்புக்கு முன்பே ஒவ்வொரு காட்சியையும் நடிக்க வைத்து, ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரத்தைக் குறித்துக்கொள்வது கே.வி.ரெட்டியின் பழக்கம். அந்தக் கணக்கு சிஷ்யரிடம் வந்து சேர்ந்ததைப் பார்க்க வேண்டுமானால் ‘மைக்கேல் மதன காமராஜ’னில் ஆள் மாறாட்டம் நடக்கும் காட்சிகளை ஓட்டிப் பாருங்கள். ஒருவர் வெளியே போகும் அதே நொடியில் அவரைப் போலவே இன்னொருவர் உள்ளே வருவார். துவாரகை அரண்மனையில் இரண்டு வத்சலாக்களை வைத்துச் செய்த வேலைதான் அது.

இந்தியாவின் தலைசிறந்த படம் என்று ஏதோ வாக்கெடுப்பில் வந்ததாமே?

2013-ல், இந்திய சினிமா நூற்றாண்டை ஒட்டி சிஎன்என்-ஐபிஎன் செய்தி சேனல் நடத்திய இணைய வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது. இணைய வாக்கெடுப்பு என்றால் ரசிகர்கள் விடுவார்களா, அதிலும் தெலுங்கு ரசிகர்கள்? அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் லட்டு பறக்கத்தான் போகிறது.

குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

தாராளமாக. ஆனால் முதலிலிருந்து உட்கார வைக்காதீர்கள், பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள். கதையை வாயால் சொல்லிவிட்டு, கடோத்கஜன் காட்டில் அபிமன்யுவைத் தடுக்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். அபிமன்யு யார், வத்சலா யார், எந்த மாமா நல்லவர் என்று நடுநடுவே கேட்பார்கள். பக்கத்தில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். ரத்தம், கொலை கிடையாது. கடோத்கஜனின் மீசைக்குச் சின்னப் பிள்ளைகள் முதலில் கொஞ்சம் பயப்படலாம், அவர் சாப்பிட ஆரம்பித்ததும் பயம் போய்விடும்.

கலரில் வந்ததே, அதைப் பார்க்கலாமா?

2010-ல் தெலுங்குப் படத்தைத்தான் வண்ணமாக்கி வெளியிட்டார்கள். உழைப்பு தெரிகிறது, நகைகள் மின்னுகின்றன, துவாரகையும் ஜொலிக்கிறது. ஆனால் பார்ட்லி அந்தப் படகுப் பாட்டுக்கு விளக்கு வைத்தது வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே உள்ள சாயல்களைக் கணக்குப் பண்ணி. அதன்மேல் நீலம் பூசினால் நிலா போய்விடுகிறது, நீலம் மட்டும் நிற்கிறது. எனவே பந்திக் காட்சியை வேண்டுமானால் கலரில் ஒருமுறை பாருங்கள், லட்டுக்கு மஞ்சள் நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளையில்.